மரகதம் பார்த்தால் தோற்கும்

செப்டம்பர் பிறந்தால் மரகதத்துக்குப் பக்தி வந்துவிடும். டெக்சஸில் ஃபிரிஸ்கோ ஊர் அனுமார் கோயிலில் சனிக்கிழமை தவறாமல் அவளைப் பார்க்கலாம். ஒரு வாரம் பகலில் வருவாள், மறு வாரம் சாயங்காலம் வருவாள். வந்தால் மூன்று மணி நேரத்துக்கு மேல் சுற்றிக்கொண்டே இருப்பாள். நடை சாத்தியிருந்தால் பார்க்கிங்கில் காருக்குள் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள். டிசம்பரில் இந்தப் பக்தி தானாக வடிந்துவிடும். பிரசாதம் எடுத்துக் கொடுக்கும் நாகலக்ஷ்மி ஆன்ட்டி, இது ஏதோ புரட்டாசி விரதம், கொஞ்சம் நீட்டிப் பிடிக்கிறாள் என்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் உண்மையைச் சொல்ல மரகதத்துக்கு வாய் வரவில்லை.

உண்மை இதுதான். பிராசோஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் ஃபுட்பால் டீம் ஆடும்போது, டிவி இருக்கும் இடத்தில் மரகதம் இருக்கக் கூடாது. அவள் பார்த்தால் டீம் தோற்றுவிடும். நாரை அந்த டீமின் சின்னம். நாரை அணிக்கு டெக்சஸ் முழுக்க எத்தனையோ ரசிகர்கள். ஆனால் டீம் ஜெயிக்க வேண்டும் என்பதற்காக இத்தனை வருஷமாக ஆட்டத்தையே பார்க்காமல் இருக்கும் ரசிகை இவள் ஒருத்திதான் என்று அவளே நம்பிக்கொண்டிருந்தாள். ஆட்டம் முடிந்ததும் கணவர் திருமூர்த்தி மெசேஜ் போடுவார். அதன்பிறகு வீட்டுக்கு வந்து ரெக்கார்டிங்கை முதலிலிருந்து ஓட்டிப் பார்ப்பாள். ஜெயித்த ஆட்டத்தை ஒரு தடவை பார்ப்பாள். தோற்ற ஆட்டத்தை நிறுத்தி, பின்னால் தள்ளி, எங்கே கோட்டை விட்டார்கள் என்று கண்டுபிடிக்கிறவரை விட மாட்டாள்.

இந்த வருஷம் பொல்லாத நேரம், சீசனின் இரண்டாவது ஆட்டமே ரெட் ரிவர் டெக்கோடு வந்துவிட்டது. அது நாட்டிலேயே முன்வரிசையில் இருக்கும் டீம். நாரைகளோ இன்னும் தூக்கம் கலைந்து எழவே இல்லை. பந்தை வீசுகிற குவார்ட்டர்பேக்கின் முதுகுப் பக்கத்தைக் காக்கிற பெரிய பையனுக்கு முழங்கால் வீங்கியிருக்கிறதாம், அந்த இடத்தில் புதுப் பையன் நிற்கப்போகிறானாம். அதைவிடப் பெரிய கவலை டேனர். இரண்டு மஞ்சள் கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து மூன்று புள்ளி வாங்கித்தர வேண்டிய கிக்கர் அவன். முதல் ஆட்டத்தில் ஒரு சோப்ளாங்கி டீமுக்கு எதிராகவே இரண்டு உதையைத் தவறவிட்டான். அந்த இரண்டையும் மரகதம் வாரம் முழுக்க ஓட்டி ஓட்டிப் பார்த்திருந்தாள். ஊன்றுகிற இடது காலை அரை சாண் முன்னால் வைக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. டேனருக்குத் தெரிந்ததா என்பதுதான் தெரியவில்லை.

இப்படி இருக்கும்போது, வியாழக்கிழமை பிரீத்தி போன் செய்தாள்.

மகள் பிரீத்தி அதே பிராசோஸ் ஸ்டேட்டில் இரண்டாம் வருஷம். உடம்பைச் சுற்றி மாட்டிக்கொண்டு ஊதும் பெரிய டூபா வாசிப்பவள். போன வருஷம் கல்லூரி பேண்ட் வாத்தியக் குழுவில் சேர்த்துக்கொண்டார்களே தவிர மைதானத்தில் இறக்கவில்லை. இந்தச் சனிக்கிழமைதான் முதல்முறையாக, ஆட்டத்தின் பாதி இடைவேளையில், எல்லோரோடும் அணிவகுத்து வாசிக்கப்போகிறாள்.

"அம்மா, டிக்கெட் ரெண்டு அனுப்பியிருக்கேன். ஃபேமிலி செக்‌ஷன். ஓகே?"

"சனிக்கிழமை கோயிலுக்குப் போகணும் கண்ணு. அப்பா வருவாரு. வீடியோ எடுக்கச் சொல்றேன்."

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. "அம்மா, ப்ளீஸ். இட்ஸ் மை ஃபர்ஸ்ட் ஹாஃப்டைம் ஷோ."

"அது தெரியும் சாமி. ஆனா பெரிய மேட்ச். நான் வந்து ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா?"

"அம்மா," என்றாள் பிரீத்தி, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி. "யூ ஆர் நாட் தட் பவர்ஃபுல்."

போனை வைத்த பிறகும் அந்த வாக்கியம் காதிலேயே நின்றது. திட்டுகிறாளா, ஆறுதல் சொல்கிறாளா என்று மரகதத்தால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அவள் பார்த்தால் தோற்கும் என்கிற இந்தப் பட்டம் கிடைத்தது கோபிச்செட்டிபாளையத்தில். டிவியில் கிரிக்கெட். பெரிய அண்ணன் ஜெயபிரகாஷ், அவனுடைய கூட்டாளிகள், கூடம் நிறைய ஆள். மரகதம் முறுக்குத் தட்டோடு உள்ளே நுழைந்த நேரம், நன்றாக ஆடிக்கொண்டிருந்தவன் அவுட். "அம்மிணி, நீ உள்ள போ" என்றான் அண்ணன். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் அடுத்த ஆட்டத்துக்கும் சொன்னான், அதற்கடுத்த வருஷமும் சொன்னான். ஒரு உலகக் கோப்பை அரையிறுதியில் திரைச்சீலை இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தாள். வரிசையாக விக்கெட் சரிந்தது. அன்று ராத்திரி வீட்டில் அவளோடு யாரும் பேசவில்லை. அவள் சமையலறையில் நின்று கூடத்துச் சத்தத்தைக் கேட்டே ஆட்டத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டாள். நான்கு ரன்னுக்கு ஒரு சத்தம், ஆறுக்கு ஒரு சத்தம், கேட்ச் நழுவினால் ஒரு உச்சுக்கொட்டல்.

கல்யாணம் ஆகி, பிராசோஸ் ஸ்டேட்டுக்கு மேல்படிப்புக்கு வந்த திருமூர்த்தியோடு அந்தக் கல்லூரி ஊரில் குடியேறியபோது அவளுக்கு வேலை பார்க்க விசா கிடையாது. அபார்ட்மெண்டின் சமையலறை ஜன்னலுக்கு எதிரே ஸ்டேடியம். சனிக்கிழமையானால் கடல் மாதிரி ஒரு இரைச்சல். என்னத்துக்கு இப்படிக் கத்துகிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் ஆசை அவளைப் பிடித்து ஆட்டியது. எதிரி கையில் பந்து இருந்தால் கூட்டம் கத்தும், நம் கையில் இருந்தால் வாயை மூடிக்கொள்ளும், பந்து எதிரியின் கடைசிக் கோட்டைத் தாண்டி டச்டவுன் என்றால் ஒரு பீரங்கி வெடிக்கும். இத்தனையும் விளையாட்டின் விதிகள் தெரியும் முன்பே ஜன்னல் வழியாக அவளுக்கு வந்துவிட்டன. பிறகு விதிகளைக் கற்றாள், டீமைக் காதலித்தாள், இரண்டே இரண்டு ஆட்டம் கண்ணால் பார்த்தாள். இரண்டும் கடைசி நிமிஷத்தில் கைவிட்டுப் போயின. திருமூர்த்தியின் பழைய அறைத்தோழன் முகிலன், "அக்கா, நீங்க கிச்சன்லயே இருந்துருங்க" என்றான், விளையாட்டுக்குத்தான். மரகதமும் சிரித்துக்கொண்டே எழுந்து கிச்சனுக்குப் போனாள். கடல் தாண்டி வந்தும் அவளுடைய இடம் மாறவில்லை.

இத்தனைக்கும் அவள் பார்க்கும் வேலையைக் கேட்டால் சிரிப்பு வரும். பிளேனோவில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டர். அடுத்தவர் எழுதிய புரோகிராமில் ஓட்டை கண்டுபிடிப்பதுதான் தொழில். ஜூனியர் பையன் யாராவது ஓடிவந்து "இந்தப் பட்டனை அழுத்தினா கிராஷ் ஆகுது" என்றால், "மறுபடி வரவெச்சுக் காட்டு" என்பாள். திரும்ப வரவழைத்துக் காட்ட முடியாத எதையும் அவள் பிழை என்று ஒப்புக்கொண்டதே இல்லை. தன் விஷயத்தில் மட்டும் அப்படிக் கேட்கத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை தோசை வார்த்துக்கொண்டே கணவரிடம் கேட்டாள்.

"ஏனுங்க, நாளைக்கு நானும் வந்தா என்ன?"

"வாயேன். யாரு வேண்டாம்னா?" திருமூர்த்தி தட்டைப் பார்த்தபடி சொன்னார். "எனக்கு இந்த ராசி கீசியில எல்லாம் நம்பிக்கை கெடையாது."

"அப்ப போலாம்."

"போலாம்..." தோசையைப் பிய்த்தவர் வாயில் போடாமல் நிறுத்தினார். "ஆனா ரெட் ரிவர் டெக் பெரிய டீம். பாப்பாவுக்கு முதல் ஷோ வேற. தோத்தா மூஞ்சி தொங்கிப்போயிடும். எதுக்கு வீணா ரிஸ்க்குன்னுதான்."

மரகதத்துக்குச் சுருக்கென்றது. அண்ணன் சொன்னான், முகிலன் சொன்னான், அதெல்லாம் கேலி என்று எடுத்துக்கொள்ளலாம். இது அப்படி இல்லை. நம்பிக்கை இல்லாத மனுஷன், கூடவே படுத்து எழுந்திருக்கிறவர், அவரும் உள்ளுக்குள் இவளை ஒரு ரிஸ்க் என்று கணக்கில் வைத்திருக்கிறார். இத்தனை வருஷமும் நாமாகத்தான் ஒதுங்கி நிற்கிறோம் என்று நினைத்திருந்தாள். ஒதுக்கியும் வைத்திருக்கிறார்கள். கல்லில் இருந்த தோசை தீய்ந்துவிட்டது, எடுத்துச் சிங்க்கில் போட்டாள்.

"நான் வர்றேன்" என்றாள். "மேட்ச் பாக்க மாட்டேன். கடைங்க இருக்கற பக்கம் வெளிய நின்னுக்கறேன். பாப்பா வாசிக்கறப்ப மட்டும் உள்ள வந்து பாத்துட்டுப் போயிடறேன். போதுமா?"

திருமூர்த்திக்கு அது நல்ல ஏற்பாடாகவே பட்டது. மூன்று மணி நேரம் காரோட்டிப் போய் ஆட்டத்தைப் பார்க்காமல் நிற்பது எந்த ஊர் நியாயம் என்று இருவருக்குமே உறைக்கவில்லை.

மறுநாள் வெயில் மண்டையைப் பிளந்தது. ஸ்டேடியம் பார்க்கிங்கில் எல்லோரும் வண்டிகளின் பின்கதவைத் திறந்துபோட்டு, அடுப்பு மூட்டி இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் காருக்குள் ஏசியைப் போட்டுக்கொண்டு தயிர்சாதம் சாப்பிட்டார்கள். நாரைக் கொண்டை வைத்த தொப்பி, நாரைக் கால் போட்ட சாக்ஸ், நாரை மூக்கு மாட்டிய நாய். எல்லாவற்றையும் மரகதம் கண் கொட்டாமல் பார்த்தாள். ரெக்கார்டிங்கில் இதையெல்லாம் காட்ட மாட்டார்கள்.

உள்ளே போனதும் திருமூர்த்தி படியேறி இருக்கைக்குப் போனார். மரகதம் கீழே, கடைகள் வரிசையாக இருக்கும் நீளமான வளைந்த நடையில் சுற்றினாள். தூணுக்குத் தூண் டிவி மாட்டியிருந்தார்கள். எந்த டிவியும் கண்ணில் படாத ஒரு மூலையைத் தேடிப் பிடித்தாள். லெமனேட் கடைக்கும் பாத்ரூமுக்கும் நடுவில் ஒரு சாம்பல் நிறச் சுவர். அதைப் பார்த்தபடி நின்றாள். தலைக்கு மேலே கான்கிரீட் அதிர்ந்தது. அந்தப் பழைய இரைச்சல்தான், ஆனால் இப்போது அதன் அடிவயிற்றில் நிற்கிற மாதிரி இருந்தது.

கொஞ்ச நேரத்தில் நாரை அணியின் நிறத்தில் சட்டை போட்ட ஒரு வெள்ளைக்கார அம்மாள் விறுவிறுவென்று படியிறங்கி வந்தாள். நேரே அதே சுவருக்கு வந்து, மரகதத்துக்குப் பக்கத்தில் நெற்றியை ஒட்டிக்கொண்டு கண்களை இறுக்கி மூடிக்கொண்டாள். மேலே கூட்டம் அடங்கியது. ஒரு நொடி கழித்து ஒரு பெரிய ஓசை எழுந்தது. "என்ன ஆச்சு, என்ன ஆச்சு" என்று அந்த அம்மாள் கண்ணைத் திறக்காமலேயே முணுமுணுத்தாள்.

"போயிருச்சு" என்றாள் மரகதம் ஆங்கிலத்தில். "நடுவில் போயிருச்சு. மூன்று புள்ளி."

அந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள். "டிவி இல்லையே. உனக்கு எப்படித் தெரியும்?"

"சத்தம்தான். தவறியிருந்தால் முதலில் ஒரு 'ஓ' வரும், அது கீழே இறங்கும். இது மேலே போனது."

அந்த அம்மாள் பெயர் டார்லீன். இதே கல்லூரியில் படித்தவள், மகன் பேண்டில் டிரம் அடிக்கிறான், இருக்கை இவர்களுக்கு இரண்டு வரிசை பின்னால்தான். நம் கிக்கர் பந்தை உதைக்கும்போது மட்டும் தான் பார்க்கக் கூடாது, பார்த்தால் பந்து வெளியே போகும் என்றாள். சொல்லும்போது குரலில் கூச்சமே இல்லை. தனக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். "நீ எதற்கு இங்கே நிற்கிறாய்?"

மரகதம் சொன்னாள். கிரிக்கெட்டிலிருந்து ஆரம்பித்து, முறுக்குத் தட்டு, திரைச்சீலை, முகிலன் வரைக்கும். தமிழில்கூட யாரிடமும் இப்படி வரிசையாகச் சொன்னதில்லை.

டார்லீன் கேட்டுவிட்டு நெற்றியைச் சுருக்கினாள். "பொறு. உன்னால் தோற்கிறது என்று உனக்கு எப்படித் தெரிந்தது?"

"அண்ணன் சொன்னான்."

"அண்ணனா? நீயாகக் கண்டுபிடிக்கவில்லையா?" அவளுக்கு அது நிஜமாகவே புரியவில்லை. "எங்கள் வீட்டில் இதை யாரும் அடுத்தவருக்கு விட்டுக்கொடுக்க மாட்டோம். கிக் தவறினால் என்னால்தான் என்று நான் சொல்வேன். இல்லை, தான் பழைய தொப்பியை மறந்து வந்ததால்தான் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்தச் சண்டை ஓயவில்லை."

அவள் மேலே ஓடிவிட்டாள். மரகதம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நீயாகக் கண்டுபிடிக்கவில்லையா என்ற கேள்வி அவளைக் குடைந்தது. ஆபீஸில் ஜூனியர் பையனிடம் 'மறுபடி வரவெச்சுக் காட்டு' என்று அவள் கேட்பதும் இதைத்தானே.

இடைவேளைக்கு முன்னால் டார்லீன் இன்னொரு தடவை வந்து போனாள். பீரங்கி இரண்டு தடவை வெடித்தது. மரகதம் கணக்குப் போட்டுப் பார்த்தாள். நாம்தான் முன்னால் இருக்கிறோம். திருமூர்த்தியின் மெசேஜும் வந்தது: "வா, பாப்பா வரப்போறா."

படியேறி வெளிச்சத்துக்குள் வந்தபோது கண் கூசியது. இத்தனை பச்சையா இந்த மைதானம்? டிவியில் இது வேறு பச்சை. பேண்ட் அலையலையாக உள்ளே வந்தது. எல்லா டூபாவும் ஒரே மாதிரி வெள்ளையாக மின்னின, எல்லாத் தலையிலும் ஒரே தொப்பி. பெற்ற பெண்ணை அடையாளம் தெரியவில்லையே என்று அவளுக்குப் பதறியது. பிறகு எல்லோரும் நின்றார்கள். பின்வரிசையில் ஒரு டூபா மட்டும் இடது காலில் பாரத்தைப் போட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. திருமூர்த்தி கோயில் கியூவில் அப்படித்தான் நிற்பார்.

"அதோ! அதோ பாப்பா!" மரகதம் கத்தியதில் முன்வரிசையில் இருந்த தாத்தா ஒருவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

பேண்ட் ஊதிக்கொண்டே நடந்து, கலைந்து, சேர்ந்து, கடைசியில் மைதானம் முழுக்க ஒரு பெரிய நாரையாக நின்றது. பிரீத்தி நாரையின் காலில் இருந்தாள். மரகதம் கையைத் தலைக்கு மேல் தூக்கித் தட்டினாள். வீடியோ எடுக்க மறந்துபோனதை இருவருமே பிறகுதான் கவனித்தார்கள்.

பேண்ட் வெளியேறியது. வீரர்கள் மீண்டும் ஓடி வந்தார்கள். மரகதம் அப்படியே நின்றிருந்தாள். டேனர் ஓரத்தில் தனியாக வலைக்குள் பந்தை உதைத்துப் பழகிக்கொண்டிருந்தான். காலை எங்கே ஊன்றுகிறான் என்று அவள் எட்டிப் பார்த்தாள்.

திருமூர்த்தி மெதுவாக அவள் முழங்கையைத் தொட்டார். "மரகதம், ஆரம்பிக்கப்போறாங்க. நீ... அந்தப் பக்கம் போறயா?"

அவர் அன்பாகத்தான் கேட்டார். அன்பாகக் கேட்டதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அண்ணனும் சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

"இல்லீங்க" என்றாள். "இங்கயே இருக்கறேன்."

"இல்ல, நேத்து நீதான..."

"நேத்து சொன்னேன். இப்ப இருக்கறேன்னு சொல்றேன்." உட்கார்ந்துவிட்டாள். இருக்கை வெயிலில் பழுத்துக் கிடந்தது. எழுந்திருக்கவில்லை.

அடுத்த ஒன்றரை மணி நேரம் அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். எதிரி முதல் வாய்ப்பிலேயே டச்டவுன் போட்டான். திருமூர்த்தி அவள் பக்கம் திரும்பாமல் இருக்க மிகவும் முயன்றார், அந்த முயற்சி கழுத்தில் தெரிந்தது. குவார்ட்டர்பேக்கின் முதுகைக் காக்க நின்ற புதுப் பையனை ஒரு முரடன் உருட்டிவிட்டுப் பாய்ந்தபோது, "பின்னால பாரு!" என்று தமிழில் அலறினாள். நாரைகள் பந்தைப் பறித்தபோது யாரென்றே தெரியாத அந்தத் தாத்தாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். ஒருவேளை என்னால்தானோ என்ற பயம் போகவில்லை. ஆனால் பயத்தைவிட, அடுத்து என்ன நடக்கும் என்கிற ஆசை பெரிதாக இருந்தது. முடிவு தெரியாமல் ஓர் ஆட்டத்தைப் பார்ப்பது இவ்வளவு ருசியா? இத்தனை வருஷம் ஆறிப்போன சோற்றைத்தானே சாப்பிட்டுக்கொண்டிருந்தோம் என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது.

கடைசியில் அவள் வியாழக்கிழமையிலிருந்து எதற்குப் பயந்தாளோ அதிலேயே வந்து நின்றது. நாரைகள் இரண்டு புள்ளி பின்னால். நேரம் சில நொடிகள். டேனர் மைதானத்துக்குள் ஓடி வந்தான். இந்த ஒரு உதை போனால் வெற்றி.

பின்னாலிருந்து டார்லீன் எழுந்து படியை நோக்கி ஓடினாள். திருமூர்த்தி மரகதத்தைப் பார்த்தார். இந்தத் தடவை நேராகவே பார்த்தார். அவர் போகச் சொல்லவில்லை. அவளும் மைதானத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மஞ்சள் கம்பத்தைப் பார்த்தாள், டேனரைப் பார்த்தாள், அவன் இடது காலைப் பார்த்தாள். கால் சரியான இடத்தில் ஊன்றியது. "நல்லா வெச்சுட்டான்!" என்றாள். பந்து உயர்ந்தது, நேராகப் போனது, போய்க்கொண்டே இருந்தது. வலது கம்பத்தில் 'டங்' என்று மோதி, ஒரு கணம் யோசிக்கிற மாதிரி நின்று, வெளிப்பக்கமாக விழுந்தது.

முதலில் ஒரு 'ஓ' வந்தது. அது கீழே இறங்கியது. எத்தனையோ தடவை அந்தச் சத்தத்தைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டிருக்கிறாள். அது எப்படி இருக்கும் என்று இன்றுதான் பார்த்தாள். ஆயிரமாயிரம் பேர் ஒரே நேரத்தில் தலையில் கை வைக்கிறார்கள். டேனர் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

மரகதம், "என்னாலதான்" என்றாள். தமிழில் சொன்னாள், பிறகு ஆங்கிலத்திலும் சொன்னாள். அழுகை வந்துவிட்டது.

முன்வரிசைத் தாத்தா திரும்பினார். "மன்னிக்கணும் அம்மா, அது நான். என் மனைவி நேற்று இந்தத் தொப்பியைத் துவைத்துவிட்டாள். காலையிலேயே எனக்குத் தெரியும்."

"உளறாதீர்கள்" என்று மூச்சு வாங்க டார்லீன் வந்து சேர்ந்தாள். முகம் சிவந்திருந்தது. "நான் நேரத்துக்குக் கீழே போய்ச் சேரவில்லை. படியிலேயே நின்றுவிட்டேன், திரும்பிப் பார்த்துத் தொலைத்துவிட்டேன். இது முழுக்க முழுக்க என் வேலை."

"இல்லை, இல்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கண் இமைக்கவே இல்லை" என்றாள் மரகதம்.

டார்லீன் இடுப்பில் கை வைத்து அவளை மேலும் கீழும் பார்த்தாள். "இத்தனை காலம் வெளியே நின்றுவிட்டு இன்றைக்கு வந்து உட்கார்ந்தாய். வந்த அன்றைக்கே அந்தப் பெருமை உனக்கு வேண்டுமா? நாங்களெல்லாம் எத்தனை வருஷமாகக் காத்திருக்கிறோம்! வரிசையில் நில்லு."

தாத்தா சிரித்துவிட்டார். கண்ணீரோடு மரகதமும் சிரித்தாள். சுற்றிலும் காது கொடுத்துக் கேட்டாள். ஒருவன் சாக்ஸ் மாற்றியதைச் சொல்லி நொந்துகொண்டிருந்தான். ஒரு பெண் பாதி ஆட்டத்தில் பாத்ரூம் போனதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள். தோல்விக்குப் பொறுப்பேற்க அத்தனை பேர் முண்டியடித்தார்கள். ஆனால் ஒருவர்கூட இன்னொருவரைப் பார்த்து 'நீ எழுந்து வெளியே போயிருக்கலாமே' என்று சொல்லவில்லை.

திருமூர்த்தி தொண்டையைச் செருமினார். "மரகதம், நெசமாச் சொன்னா நான்தான். நல்லா ஜெயிச்சுட்டு இருந்த நேரத்துல, உன்னைய அந்தப் பக்கம் போகச் சொன்னேன் பாரு. அங்கதான் மேட்ச் மாறிருச்சு."

மரகதம் அவரைப் பார்த்தாள். இந்த மனுஷனுக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது, கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு அது தெரியும். இது அதற்கு ரொம்பப் பக்கத்தில் வந்திருந்தது.

"வரிசையில நில்லுங்க" என்றாள்.

கீழே டூபாவோடு பிரீத்தி ஓடி வந்தாள். முகம் தொங்கித்தான் இருந்தது. தாயைப் பார்த்ததும் மாறிவிட்டது. "இங்கயே இருந்தியா? ஃபுல் கேமா?"

"நாரைக்காலுல நின்னதையும் பாத்தேன், டேனர் உதைச்சதையும் பாத்தேன். அந்தப் பையன்கிட்ட சொல்லு கண்ணு, காலு சரியா வெச்சான். கம்பம் குறுக்க வந்துருச்சு."

திரும்பும் வழியில், ஃப்ரீவேயில் வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது கார் ஸ்பீக்கரில் போன் அடித்தது. கோபியில் அப்போது விடிந்திருந்தது. ஜெயபிரகாஷ் அண்ணன் நடைப்பயிற்சியில் இருந்தான், மூச்சு இரைத்தது.

"என்ன அம்மிணி, உங்க கொக்கு தோத்துப்போச்சாமா? நெட்ல பாத்தேன்." பிறகு பழைய சிரிப்போடு கேட்டான். "நீ ஏதும் பாத்துத் தொலைச்சயா?"

திருமூர்த்தி போனை நிறுத்தக் கை நீட்டினார். மரகதம் அந்தக் கையை விலக்கினாள்.

"பாத்தனுங்ணா. பாதியிலிருந்து கடைசி வரைக்கும் பாத்தேன்."

"பாத்தயா? நான் அன்னைக்கே சொன்னனா இல்லையா?"

"சொன்னீங்க. ஆனா ஒருவாட்டி ஆனத வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுங்ணா. எங்க ஆபீஸ்ல அதெல்லாம் செல்லாது. திரும்பத் திரும்ப வரவெச்சுப் பாக்கணும். இந்த சீசன்ல இன்னும் நெறைய மேட்ச் இருக்குது, ஒண்ணுவிடாம போயி உக்காந்து பாக்கப்போறேன்."

அண்ணன் சிரிப்பை நிறுத்தினான். "அப்ப எல்லா மேட்ச்சும் தோத்துட்டா?"

"தோக்கும்னு பயப்படறவங்க சமையக்கட்டுக்குப் போகட்டும்ணா" என்றாள் மரகதம். "நான் பாக்கறேன்."